எழுந்தால் தலை சுற்றுகிறதா? பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் செய்யும் தவறுகள்

விடியற்காலை நான்கு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்த பெரியவருக்கு, கட்டிலை விட்டு இரண்டடி வைப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிடுகிறார். காலையில் நாற்காலியில் உட்காரவைத்து வீட்டு மெஷினில் அளந்தால் 142/84 காட்டுகிறது. “பிரஷர் சரியாகத்தானே இருக்கிறது, பித்தமாக இருக்கும்” என்று சொல்லி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுக்கிறார்கள். இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள்ளேயே இரண்டு தவறுகள் இருக்கின்றன.

முதல் தவறு, உட்கார்ந்த நிலையில் மட்டும் அளந்துவிட்டு முடிவுக்கு வருவது. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்து ரத்தக் குழாயில் உள்ள உணர்விகள் இதை உடனே அறிந்து, இதயத் துடிப்பைக் கூட்டி, குழாய்களைச் சுருக்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. முதுமையும் நெடுநாள் சர்க்கரை நோயும் சில மாத்திரைகளும் இந்த ஏற்பாட்டை மந்தமாக்கிவிடும். எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்து, அது அப்படியே நீடித்தால், நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த அளவு இதை ஒருபோதும் காட்டாது.

அளக்கும் முறை எளிது. ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறை அளக்க வேண்டும். கைப்பட்டையைக் கழற்றாமலே எழுந்து நின்று, முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி அளக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம். பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால் மெஷின் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டி, இறக்கத்தை மறைத்துவிடும். ஆகவே முழங்கையை யாராவது தாங்கிப் பிடித்து, பட்டை நெஞ்சின் உயரத்தில் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன் ஒருமுறையும், மாத்திரை போட்ட இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் அளந்து, நாடித் துடிப்பின் எண்ணையும் சேர்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அழுத்தம் இறங்கியும் துடிப்பு ஏறவில்லையென்றால் நரம்பிலோ மருந்திலோ காரணம் தேடுவார். துடிப்பு எகிறினால் உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்.

இந்த நிகழ்ச்சியில் இல்லாத, ஆனால் இவற்றைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு: தலை சுற்றுகிறது என்பதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவது. மெட்டோபுரோலால், அட்டெனலால் வகை மாத்திரைகளையும் குளோனிடினையும் திடீரென்று விட்டால் அழுத்தமோ துடிப்போ முன்னைவிட மோசமாக எகிறக்கூடும். கட்டுப்படாத ரத்த அழுத்தமே குழாய்களை விறைக்கவைத்து, மேலே சொன்ன தற்காப்பை மழுங்கடிக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் நடந்து 2015-இல் வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வில், மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவரச் சிகிச்சை பெற்றவர்களிடம் இந்த இறக்கம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படவில்லை. எல்லா மாத்திரைகளும் ஒரே தராசில் நிற்பவை அல்ல என்பதே விஷயம். பிரசோசின் போன்றவையும் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரைகளும் இந்தத் தொல்லையை அதிகம் தருகின்றன. டெல்மிசார்டன் போன்றவை ஒப்பீட்டளவில் குறைவாகவே தருகின்றன. எதைக் குறைப்பது, எதை மாற்றுவது, எந்த நேரத்துக்குத் தள்ளுவது என்பதை எழுதிக்கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று எல்லாவற்றையும் இரவுக்கு மாற்றிக்கொள்பவர், இரவில் இரண்டு முறை எழுகிறவராக இருந்தால், ஆபத்தை இருட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறார்.

பிரஷர் மாத்திரையை மட்டுமே சந்தேகிப்பது அடுத்த தவறு. புராஸ்டேட் வீக்கத்துக்கு வேறொரு மருத்துவர் கொடுத்த டாம்சுலோசின், கால் எரிச்சலுக்கான அமிட்ரிப்டிலின், நெஞ்சு வலிக்கான ஐசோசார்பைடு ஆகிய எல்லாமே அழுத்தத்தை இறக்கக்கூடியவை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தலைசுற்றல் மாத்திரைகளில் ஒன்றான புரோகுளோர்பெரசின்கூட இந்த இறக்கத்தை உண்டாக்கும் என்பது வேடிக்கையான கொடுமை. படுக்கையில் புரளும்போது அறையே சுழல்வதுபோல் இருந்தால் அது பெரும்பாலும் காதுக்குள் இருந்து வருவது. எழுந்தால் இருட்டி, உட்கார்ந்தால் தெளிவதுதான் நாம் பேசும் சங்கதி. சர்க்கரை நோயாளிகள் அந்த நேரத்தில் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எல்லா மருத்துவர்களும் கொடுத்த எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச்செல்வதே நல்லது.

இனி முதலில் பார்த்த நிகழ்ச்சியின் இரண்டாவது தவறான உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறுக்கு வருவோம். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு, அதுவும் சித்திரை வெயிலில், தண்ணீர் உண்மையிலேயே உதவும். ஆனால் உப்பைத் தாமாகக் கூட்டிக்கொள்வது பிரஷர் நோயாளிக்கு ஆகாது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் தண்ணீரின் அளவைக்கூடக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் வழக்கமான மாத்திரைகளைத் தொடரலாமா என்று அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எழும் விதத்திலும் கவனம் வேண்டும். கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு எழ வேண்டும். பாயில் படுப்பவர்களுக்கு எழும் தொலைவு அதிகம் என்பதால், இடையில் ஒரு முக்காலியில் உட்கார்வது நல்லது. இரவில் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கலாம். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாமல் இருப்பதும் நல்லது. வயிறு நிறையச் சோறு உண்ட பிறகும், வெந்நீரில் நெடுநேரம் குளித்த பிறகும் இறக்கம் கூடுதலாக இருக்கும். கண் இருட்டத் தொடங்கியதும், “பத்தடிதானே” என்று நடக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

நினைவு தப்பி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சுக் குழறினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ இந்த வீட்டு முறைகளோடு நிற்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வேண்டும்.