டொரொண்டோ அடுக்ககத்தில் நண்பர்களுடன் பொங்கல் வைப்பது எப்படி?

தை முதல் நாள் பெரும்பாலும் வேலைநாளில் வந்துவிடுவதால், நண்பர்களை அதையொட்டிய சனிக்கிழமை காலைக்கு அழைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். உறைபனியில் வாசலில் அடுப்பு மூட்ட இயலாது. மண்பானையும் பித்தளைப் பானையும் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறா என்பதால், காந்தம் ஒட்டுகிற, அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொள்ளலாம்.

ஒரு கப் பச்சரிசிக்குக் கால் கப் பாசிப்பருப்பும் ஒன்றரைக் கப் வெல்லமும் போதும். பால் பொங்கும் கணத்தில் எல்லோரும் கூடி நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கூவுவதுதான் விழாவின் உயிர் என்பதால், தாமதத்துக்குப் பெயர்பெற்ற நண்பரிடம் அரை மணி முன்னதான நேரத்தைச் சொல்லிவிடுவது பாவமன்று. அரிசி குழைய வெந்த பின்னரே வெல்லப்பாகைச் சேர்க்க வேண்டும். முந்திச் சேர்த்தால் அரிசி சரியாக வேகாது, வழிகிற பாகும் கண்ணாடி அடுப்பில் கருகிப் பிடித்துக்கொள்ளும்.