புல்வெளி மண்ணின் நைட்ரஸ் ஆக்சைடை எந்த நாளில் அளப்பது?

புல்வெளி மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு வெளியேறுகிறது என்று ஒருவர் கேட்டால், "எந்த நாளில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அது மிகக் குறைவாகவே கசிகிறது. உரமிட்ட பின்னும் மழை பெய்த பின்னும் வரும் சில நாட்களில் பல மடங்கு உயர்ந்து, பிறகு அடங்கிவிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாக வெப்பமூட்டுவதால், அந்தச் சில நாட்களைத் தவறவிடுவது சிறிய பிழையாகாது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்குத் தெற்கே உள்ள ஈஸ்டர் புஷ் புல்வெளியில் இந்த வாயுவைப் பல ஆண்டுகளாக அளந்திருக்கிறார்கள். அதைப் போல ரைபுல் என்ற மேய்ச்சல் புல் மேலோங்கி, செம்மறியாடுகள் மேயும், உரமிடப்படும் நிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இச்செய்முறையைப் படியுங்கள்.

படி 1: ஏற்ற இறக்கத்தின் காரணத்தை அறிதல்

மண்ணில் காற்று இருக்கும்போது நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. காற்று குறையும்போது வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றுகின்றன. நைட்ரஸ் ஆக்சைடு முதல் வினையில் துணை விளைபொருளாகவும், இரண்டாவதில் இடைநிலைப் பொருளாகவும் உருவாகிறது. மண்துளைகளில் ஏறத்தாழ 60 முதல் 80 விழுக்காடு வரை நீர் நிரம்பியிருக்கும்போது வெளியேற்றம் பொதுவாக உச்சத்தை எட்டும். அதற்கு மேல் நீர் தேங்கினால், வாயு மேலே வருவதற்குள் நைட்ரஜனாக மாறிவிடுவதால் அளவு குறையவும் கூடும். ஆகவே மழை அதிகமானால் வாயுவும் அதிகம் என்று நேர்க்கோடாக எண்ண வேண்டாம்.

படி 2: அடிச்சட்டத்தைப் பதித்தல்

மண்ணிலிருந்து வரும் வாயுவைப் பிடித்துவைக்கும், சேம்பர் என்று ஆய்வாளர்கள் சொல்லும் மூடுபெட்டியைப் பொருத்துவதற்கான அடிச்சட்டத்தை, அளவீட்டுக்குச் சில நாட்கள் முன்பே மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கிவிடுங்கள். மண்ணைக் கிளறிய உடனே அளந்தால், கிளறியதன் விளைவையே அளந்தவர் ஆவீர்கள். ஒரே நாளிலும் இடத்துக்கு இடம் வேறுபாடு பெரிது. ஓர் ஆடு சிறுநீர் கழித்த திட்டு, ஒரு கை தள்ளியிருக்கும் இடத்தைவிடப் பல மடங்கு வாயுவை விடக்கூடும் என்பதால், ஒரே பெட்டியை நம்பாமல் பலவற்றை வையுங்கள். உரமிடாத துண்டு ஒன்றிலும் அதே எண்ணிக்கையில் வைக்க மறக்காதீர்கள்.

படி 3: அளவீட்டு நாட்களை வகுத்தல்

தொடக்கநிலையினர் பெரும்பாலும் "வாரம் ஒருமுறை" என்று எழுதி நாட்காட்டியை மூடிவிடுகிறார்கள். என் கருத்தில் இந்த வேலையே அந்த நாட்காட்டியில்தான் இருக்கிறது, கருவி அடுத்தபடிதான். மேலுரம் இடுவதற்கு முந்தைய நாள் ஓர் அளவீடு, இட்ட பின் முதல் வாரத்தில் நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், வெளியேற்றம் பழைய நிலைக்குத் திரும்பும் வரை வாரம் இருமுறை, அதன் பின் வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை என்று வகுத்துக்கொள்ளுங்கள். உரமிட்ட நாளில் மண் வறண்டிருந்தால் உச்சம் தள்ளிப்போய், அடுத்த நல்ல மழைக்குப் பிறகே வரலாம். எனவே வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து நாட்களை மாற்றத் தயங்காதீர்கள். குளிர்காலத்தில் உறைந்த மண் இளகும் நாட்களிலும் திடீர் உயர்வு தோன்றும் என்பதால், புல் வளராத மாதங்களையும் விட்டுவிடக் கூடாது. ஒரே நாளுக்குள்ளும் மண்ணின் வெப்பத்தோடு அளவு மாறுவதால், நாளின் சராசரி வெப்பத்தை ஒட்டிய நேரமாகக் கருதப்படும் காலை 10 முதல் 12 மணிக்குள் எப்போதும் அளப்பது வழக்கம்.

படி 4: மாதிரி எடுத்தல்

பெட்டியை மூடி, 0, 20, 40 ஆம் நிமிடங்களில் சிரிஞ்சால் உள்காற்றை எடுத்துக் குப்பிகளில் அடைத்து, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மண்ணின் ஈரத்தையும் வெப்பத்தையும் அதே வேளையில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: செறிவிலிருந்து வெளியேற்றத்தைக் கணித்தல்

40 நிமிடங்களில் செறிவு 335 பிபிபியிலிருந்து (பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு) 395 பிபிபிக்குச் சீராக உயர்ந்தது என்று கொள்வோம். அது மணிக்கு 90 பிபிபி உயர்வு. பெட்டியின் உயரம் 0.2 மீட்டர் எனில், இரண்டையும் பெருக்கி, 15 பாகை செல்சியசில் ஒரு மோல் வாயுவின் பருமனான 0.0236 கன மீட்டரால் வகுத்து, ஒரு மோலில் உள்ள நைட்ரஜனின் நிறையான 28 கிராமால் பெருக்குங்கள். சதுர மீட்டருக்கு மணிக்குச் சுமார் 21 மைக்ரோகிராம் நைட்ரஜன் கிடைக்கும். ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு அது ஏறத்தாழ 5 கிராம்.

படி 6: நாட்களைக் கூட்டுதல்

அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளின் சராசரியை இடையிலுள்ள நாட்களால் பெருக்கிக் கூட்டுவதே எளிய முறை. கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உரமிட்டதிலிருந்து 0, 2, 4, 7, 14 ஆம் நாட்களில் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு முறையே 3, 40, 60, 30, 5 கிராம் நைட்ரஜன் வெளியேறியது என்றால், 14 நாள் மொத்தம் சுமார் 400 கிராம். 0, 14 ஆம் நாட்களில் மட்டும் சென்றவருக்கு அதே நிலத்தில் கிடைப்பது 56 கிராம். உரமிடுவதற்குப் பத்து நாள் முன்பு 3 கிராம், 4 ஆம் நாளில் 60, 18 ஆம் நாளில் 5 என்று அளந்தவரோ, அந்த 28 நாட்களுக்கு உண்மையில் 450 கிராம் வந்திருக்க, 896 என்று எழுதுவார். இரு வார இடைவெளி ஒன்றுதான்; கணக்கு மட்டும் ஏழில் ஒரு பங்காகவோ இரு மடங்காகவோ ஆகிறது.

இறுதியாக, உரமிடாத துண்டின் மொத்தத்தைக் கழித்து, இட்ட உரத்தின் நைட்ரஜனால் வகுத்தால் வெளியேற்றக் காரணி கிடைக்கும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 50 கிலோ நைட்ரஜன் இடப்பட்டு, உரமிடாத துண்டில் நாளுக்கு 3 கிராம் வந்திருந்தால், 14 நாளில் காரணி சுமார் 0.7 விழுக்காடு, உச்சத்தைத் தவறவிட்டவருக்கு 0.03. ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டி பொதுவாக வைத்த 1 விழுக்காட்டோடும், 2019 திருத்தம் ஈரமான பகுதிகளின் செயற்கை உரத்துக்குத் தந்த 1.6 விழுக்காட்டோடும் உங்கள் எண்ணை ஒப்பிட விரும்பினால், பன்னிரண்டு மாத அளவீடு கையில் சேரும் வரை பொறுத்திருங்கள்.