பிஎம்ஐ: புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

உணவு ஆலோசனை தரும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பதும் என் பொறுப்பு. போன வாரம் ஒரு பெண், எதிரே இருந்தவரிடம் “பிஎம்ஐ 22தான் சார், நார்மல், கவலைப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பினாள். எனக்குத் திக்கென்றது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

பிஎம்ஐ என்பது உடல் நிறை குறியீட்டெண்: கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. உயரத்தை மீட்டருக்கு மாற்ற மறப்பது, வர்க்கம் போட மறப்பது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. விடை தாறுமாறாக வந்ததும் தானே தெரிந்துவிடும்.

‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவது

அன்று என்னிடம் வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். உயரம் 170 செ.மீ., எடை 66 கிலோ. 66-ஐ 1.7-இன் வர்க்கமான 2.89-ஆல் வகுத்தால் 22.8. பொதுவான அளவுகோலில் 18.5 முதல் 24.9 வரை சரியான எடை. கையும் காலும் ஒல்லி. சட்டைப் பொத்தான்கள் மட்டும் வயிற்றுக்கு நேரே இழுத்துக்கொண்டு நின்றன. அதைப் பார்த்தும் எண்ணைத்தான் நம்பினேன்.

மூன்று வருஷம் கழித்து சர்க்கரை நோயோடு திரும்பி வந்தார். எடை அதே 66. “நீங்கதானே மேடம் நார்மல்னு சொன்னீங்க?” என்றார், கோபமே இல்லாமல். அன்றுதான் அவர் இடுப்பை அளந்தேன்: 96 செ.மீ. முதல் நாளே அளந்திருந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேன்.

பிஎம்ஐ எடையைச் சொல்லும். அது தசையா, கொழுப்பா, உடம்பில் எங்கே சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்புதான் சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் அதிகம் வழிவிடுகிறது. இந்தக் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த பெல்ஜியத்துக்காரர் கெட்லே மருத்துவர் இல்லை; மக்கள்தொகையின் சராசரி மனிதனைத் தேடிய புள்ளியியலாளர். 1972-இல் இதற்கு இன்றைய பெயரை வைத்த அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸும் மக்கள் கூட்டங்களை ஒப்பிடத்தான் இதைப் பயன்படுத்தினார். எதிரே உட்கார்ந்திருப்பது ஒரே ஒருவர்.

ஆசிய மக்களுக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே ஆபத்து தொடங்குவதால், 2004-இல் வெளியான உலக சுகாதார நிறுவன நிபுணர் குழுப் பரிந்துரை 23-ஐயும் 27.5-ஐயும் கவனிக்க வேண்டிய புள்ளிகளாகச் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் அந்த 22.8 இந்த 23-ஐக்கூடத் தொடவில்லை. அதனால் டேப்பை எடுத்தே ஆக வேண்டும்.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், தோலின் மேல், டேப் அழுத்தாமல் வைத்து, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளவெடுங்கள். டேப்பைக் கண்டதும் பலரும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்துவிட்டு அளங்கள். பேன்ட் அளவைக் கேட்டு எழுதவே எழுதாதீர்கள். தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுகிறவர் சொல்லும் அளவு எதற்கும் உதவாது. தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. சுருக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால், இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

உயரத்தைக் கேட்டு எழுதுவது

செருப்பைக் கழற்றச் சொல்லி நீங்களே அளங்கள். 62 கிலோ இருக்கும் ஒருவர் 160 செ.மீ. உயரம் என்றால் 24.2, அவரே 163 என்று சொல்லிக்கொண்டால் 23.3. உயரம் வர்க்கமாகப் போவதால் சின்னப் பிழையும் பெருகிவிடும்.

“எனக்குத் தசை அதிகம்”

பிஎம்ஐ கூடியதற்கு இந்தக் காரணத்தைப் பளு தூக்குகிறவர் சொன்னால் சரி. மற்றவர் சொன்னால் இடுப்பை அளங்கள்.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அட்டவணை

கூடாது. வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வளர்ச்சி வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகள்

கர்ப்பத்துக்கு முந்தைய எடைதான் கணக்கு.

கால் வீக்கத்தைக் கவனிக்காதது

நீர் கோத்த உடம்பில் எடை இயந்திரம் நீரையும் சேர்த்தே காட்டும்.

முதியவருக்கு எண் இறங்கியதும் பாராட்டுவது

வயதானவர் முயற்சி எடுக்காமலே மெலிந்தால், கரைவது பெரும்பாலும் தசையாகவும் இருக்கலாம், உள்ளே ஒரு நோயும் இருக்கலாம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேளுங்கள். அப்புறம் மருத்துவரிடம் அனுப்புங்கள்.