மரத்தரை இடுக்கை அடைக்க மாசிதான் தோது

பாளையங்கோட்டைப் பக்கத்துப் பழைய பங்களாக்களிலும், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வட்டாரத்து மச்சு வீடுகளிலும் இன்னும் மரத்தரை மிச்சம் இருக்கிறது. அதைத் தேய்த்து மறுபடி பாலிஷ் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: “ஒரு கோடுகூடத் தெரியக்கூடாது, எல்லாத்தையும் அடைச்சிரும் வே.” எல்லாவற்றையும் அடைக்கக் கூடாது அண்ணாச்சி. எதை அடைப்பது, எதை விடுவது, எந்த மாதத்தில் அடைப்பது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில்தான் ஈரத்துக்கு விரியும், வறட்சிக்குச் சுருங்கும். ஆறு அங்குல அகலத் தேக்குப் பலகை ஐப்பசி மழைக்கும் ஆனிக் காற்றுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட நகரும். பார்க்கே என்பது மரக்கட்டைகளைக் கோலம் போலப் பதித்து ஒட்டிய தரை. அதில் பதிப்பவை சின்னச் சின்னக் கட்டைகள். ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் நகரும் என்பதால் அந்த இடுக்குகளைத் தைரியமாக அடைக்கலாம். மச்சுப் பலகை அப்படியில்லை. அதில் மரத்தூள் குழைத்த பசையை இறுக்கி வைத்தால் மழைக்காலத்தில் பிதுங்கும், கோடையில் பொரிப்பொரியாக உதிரும்.

அதனால்தான் மாசி. திருநெல்வேலி, பாளையங்கோட்டைக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை. அப்போது மரம் ஊதியிருக்கும், இடுக்கு இருப்பதே தெரியாது. சித்திரை முதல் ஆடி வரை காய்ந்த காற்று. இடுக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவே தை பிற்பாதியும் மாசியும் மரம் நடுநிலையில் இருக்கிற காலம். தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்கு ஆனி, ஆடியில் சாரலும் உண்டு. அங்கேயும் மாசியே நல்லது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளில் பலகைகள் கிண்ணமாக வளைந்து நின்றன. அப்படி நனைந்த தரையை அவசரப்பட்டுத் தேய்க்கவே கூடாது. ஈரமானி 12 சதவீதத்துக்குக் கீழே காட்டும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

முதலில் தரை முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டொக்கு டொக்கு’ என்று பொள்ளலாகக் கேட்கிற கட்டை அடியில் பிடிப்பு விட்டது. அதைப் பெயர்த்து, அடியிலுள்ள பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, மேலே கனம் ஏற்றி இறுக விடுங்கள். ஆடுகிற கட்டையைச் சுற்றி எவ்வளவு நல்ல பசையை அடைத்தாலும் நாலு பேர் நடந்தால் விண்டுபோகும். பழைய பார்க்கேயின் அடியில் கறுப்பாகத் தார் இருந்தால் எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கறுப்புப் பசை சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தார்கள். அதனால் மெஷின் வைத்துத் தூளாக்க வேண்டாம். சூடு காட்டவும் வேண்டாம். தண்ணீரில் நனைத்துத் தகட்டால் சுரண்டினால் போதும். தின்னர் ஊற்றினால் தார் கரைந்து, பிறகு இடுக்கு வழியாகக் கறுப்பாக மேலே ஏறும்.

இடுக்கிலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டினால் அது உளுவா (மரம் துளைக்கும் வண்டு), செல்லா (கரையான்) என்று பார்த்து மருந்து அடித்த பிறகுதான் மற்ற வேலை.

அடுத்தது இடுக்கைத் துப்புரவாக்குவது. இதில்தான் ஆட்கள் சோம்பல் படுகிறார்கள். பழைய ஹாக்ஸா பிளேடின் நுனியைக் கொக்கி போலத் தேய்த்துக்கொண்டால் இதைவிட நல்ல கருவி கிடையாது. இழுக்க இழுக்கத் தூசி, குண்டூசி, நெல்மணி, எந்தக் காலத்திலோ தேய்த்த மான்சியன் பாலிஷ் மெழுகு எல்லாம் கட்டி கட்டியாக வரும். மெழுகு துளி இருந்தாலும் புதுப் பசை பிடிக்காது. சுரண்டி முடித்ததும் வேக்குவம் போட்டு உறிஞ்சிவிடுங்கள். மேலே தெரிகிற ஆணித் தலைகளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்புத்தாள் கிழிவதோடு பொறியும் பறக்கும்.

இனி தேய்ப்பு. 40-ஆம் நம்பர் தாளில் பழைய வார்னிஷைக் கழற்றி, 60-இல் சமன் செய்யுங்கள். இந்த இரண்டிலும் வருகிற தூளைத் தூர எறியுங்கள். அதில் பழைய பூச்சு கலந்திருக்கும். சுத்த மரம் தெரிந்த பிறகு 80 அல்லது 100-ஆம் நம்பரில் ஓரிடத்தில் தேய்த்தால் மைதா போல வருமே, அந்தத் தூள்தான் வேண்டும். கடையில் டப்பாவில் ‘தேக்கு’ என்று எழுதி விற்கும் லப்பம் (இடுக்கு அடைக்கும் மாவு), பாலிஷ் ஏறியதும் ஒன்று வெளுத்துக் காட்டும், ஒன்று சிவந்து காட்டும். உங்கள் தரையின் தூள் உங்கள் தரையின் நிறத்தில்தானே இருக்கும்.

தூளை எதில் குழைப்பது? பலர் ஃபெவிகாலில் குழைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. காய்ந்தால் பிடிக்கும், சரி. ஆனால் பாலிஷை உறிஞ்சாது, இடுக்கு இருந்த இடமெல்லாம் தனித் திட்டாகத் தெரியும். மேலே எந்தப் பூச்சு வரப்போகிறதோ அதற்குரிய சீலரில், அதாவது அடிப்பூச்சில், குழையுங்கள். மேலே மெலமைன் என்றால் மெலமைன் சீலர், பி.யு. (பாலியூரித்தேன்) என்றால் பி.யு. சீலர். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சீலரில் அடைத்துவிட்டு அதன்மேல் பி.யு. அடித்தால் பிற்பாடு உரிந்துவரலாம். பசையைத் தகட்டில் எடுத்துக் குத்தாக நிறுத்தினால் மெதுவாக வழியும், ஆனால் சொட்டாது. அந்தப் பதம் போதும். தளர்த்தியாகக் கலந்தால் காயும்போது குழி விழும். பசையைக் கொஞ்சம் தனியாகக் காயவிட்டு, அதை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். பாலிஷ் ஏறிய பிறகு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். மரத்தைவிட ஒரு சாயல் அடர்த்தியாக இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது. வெளுத்திருந்தால்தான் உறுத்தும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். நம் ஊர் வெயிலில் பகல் பதினொரு மணிக்கு மேல் தகடு எடுப்பதற்குள் கிண்ணத்திலேயே இறுகிவிடும். காலையிலேயே தொடங்குவது நல்லது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், முகமூடி போடுங்கள். பூஜை அறை விளக்கையும் அடுப்பையும் அணைத்துவிடுங்கள். சீலரின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

துருப்பிடிக்காத எஃகுத் தகட்டால் கட்டைகளுக்குக் கோணவாக்கில், அழுத்தி இழுக்க வேண்டும். இடுக்கின் போக்கிலேயே இழுத்தால் உள்ளே போன பசையைத் தகடே வழித்துக்கொண்டு வந்துவிடும். ஒரு சதுர மீட்டர் முடித்து, மிச்சத்தை வழித்து, அடுத்ததற்குப் போங்கள். பார்க்கேயில் ஒவ்வொரு இடுக்காகத் தேடிக்கொண்டிருக்காமல் தரை முழுக்கப் பூசிவிடுவதுதான் வேகம். காய்ந்ததும் அங்கங்கே அமுங்கியிருக்கும். இரண்டாம் தடவை பூசினால் நிரம்பிவிடும். ஆழமான இடுக்கு என்றால் ஒரு ராத்திரி காயட்டும்.

மூன்று நான்கு மில்லிக்கு மேல் அகலமான இடுக்கில் பசை நிற்காது. அங்கே சக்கைதான், அதாவது இடுக்கில் செருகும் மெல்லிய மரத்துண்டு. பழைய வீட்டு மரம் விற்கும் கடையில் அதே ஜாதித் தேக்கு கிடைக்கும். ரேகை இடுக்கின் நீளத்திலேயே ஓடும்படி சக்கையை அறுத்து, கீழ்ப்பக்கம் லேசாக ஒடுங்கும்படி இழைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் மரம் ஒட்டும் பசை தடவிக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) மெல்லத் தட்டி இறக்கி, மேலே ஒரு நூல் அளவு துருத்திக்கொண்டிருக்க விடுங்கள். பசை இறுகியபின் உளியால் சீவி, உப்புத்தாளால் சமன் செய்யலாம். இரண்டு பக்கமும் ஒட்டினால் பலகை நகர இடமில்லாமல் வேறெங்காவது வெடிக்கும்.

மச்சுப் பலகையில் இன்னொரு தொல்லை, இடுக்கு வழியாகக் கீழே பட்டாசலில் (கூடத்தில்) பசை சொட்டும். கீழிருந்து டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். சக்கை கொள்ளாத, வருஷாவருஷம் அசையும் இடுக்கில் நான் சணல் கயிற்றைத்தான் திணிப்பேன். தேயிலைச் சாயத்தில் முக்கிக் காயவைத்தால் நிறம் சேர்ந்துவிடும். தூத்துக்குடித் தோணிகளில் பலகை இடுக்குக்குப் பஞ்சு திணித்துக் கலப்பத்து பார்ப்பதும் இதே கணக்குதான். ஒரு மில்லிக்குள் உள்ள இடுக்கை மச்சில் தொடவே மாட்டேன், மழை வந்தால் அதுவே மூடிக்கொள்ளும்.

பசை காய்ந்தபின் 80, 100, 120 என்று தேய்த்து, இடுக்கில் தவிர வேறெங்கும் பூச்சு மிச்சமில்லாமல் எடுத்துவிடுங்கள். மெஷின் பையில் சேரும் தூளை வீட்டுக்குள் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், பூச்சு கலந்த தூள் தானாகவே சூடேறிப் புகையும். முதல் கோட்டு பாலிஷ் அடித்ததும் விட்டுப்போன ஊசித்துளைகள் பளிச்சென்று தெரியும். அதற்கென்று கொஞ்சம் தூளும் சீலரும் எடுத்து வைத்திருங்கள். விரல் நுனியால் தடவி, காய்ந்ததும் 180-ஆல் லேசாகத் தேய்த்துவிட்டு இரண்டாம் கோட்டுக்குப் போகலாம்.