வாழ்க்கைத்துணை இறந்தபின் அவருடைய கிரெடிட் கார்டு கடன்: அமெரிக்காவில் யார் பொறுப்பு?

அமெரிக்காவுக்கு வந்த சில மாதங்களிலேயே கணவர் அல்லது மனைவியின் கிரெடிட் கார்டு கணக்கில் நம் பெயரையும் சேர்த்து, நமக்கென்று ஓர் அட்டை வந்துவிடுகிறது. எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் துணையாக, வரும் பலருக்கு இந்த நாட்டில் கிடைக்கும் முதல் அட்டையே அதுதான். அட்டையில் நம் பெயர் இருப்பதால் அதிலுள்ள கடனும் நம்முடையதே என்று எண்ணிக்கொள்கிறோம். துணையை இழந்து நிற்கும் வேளையில் அந்த எண்ணத்தால் கட்டவேண்டாத பணத்தைக் கட்டிவிடக்கூடும்.

இறந்தவரின் கடனை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் தீர்க்க வேண்டும் என்பதே பொது விதி. இங்கே அந்தச் சொத்தை ‘எஸ்டேட்’ என்கிறார்கள். கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்து, நீங்கள் ‘ஆத்தரைஸ்டு யூசர்’, அதாவது பயன்படுத்த அனுமதி பெற்றவர் மட்டுமே என்றால், பெரும்பாலான மாநிலங்களில் உங்கள் சம்பளத்திலிருந்தோ சேமிப்பிலிருந்தோ அந்தக் கடனைக் கட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எஸ்டேட்டில் பணம் போதாவிட்டால், மீதிக் கடன் பொதுவாக வசூலாகாமலே போகும். இருவரும் சேர்ந்து விண்ணப்பித்த கூட்டுக் கணக்கு என்றால் நிலைமை வேறு. முழு நிலுவைக்கும் நீங்களே பொறுப்பு.

நீங்கள் வசிக்கும் மாநிலத்தையும் கவனிக்க வேண்டும். கலிபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன், அரிசோனா, நெவாடா, நியூ மெக்சிகோ, ஐடஹோ, லூசியானா, விஸ்கான்சின் ஆகிய 9 மாநிலங்களில், திருமண வாழ்வின்போது சேர்ந்த சொத்தையும் கடனையும் இருவருக்கும் பொதுவானவையாகக் கருதும் சட்டம் நடப்பில் உள்ளது. இவற்றில் வசிப்பவர்கள், ஒரு டாலர் கட்டுவதற்கு முன்பும், கட்டமாட்டேன் என்று சொல்வதற்கு முன்பும், எஸ்டேட் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்தாலோசிப்பது அவசியம்.

கடன் வசூல் நிறுவனத்தின் தொலைபேசி அழைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணியிடம், கணவர் இறந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், மிகக் கனிவான குரலில் ஒருவர் முதலில் இரங்கல் தெரிவித்துவிட்டு, “இப்போதைக்கு ஐம்பது டாலராவது கட்டுங்கள்” என்று கேட்டார். இறந்த கணவரைக் கடன்காரர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற தவிப்பில், அவர் தம் சொந்த வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லிவிட்டார். கணவரின் கிரெடிட் கார்டு கணக்கில் அந்தப் பெண்மணி ஆத்தரைஸ்டு யூசராக மட்டுமே இருந்தார். அந்தத் தவிப்பு எனக்கு நன்றாகவே புரிகிறது. நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம். ஆயினும் அத்தகைய அழைப்பில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், வங்கி விவரம் தராதீர்கள், கடன் விவரத்தை எழுத்தில் அனுப்பும்படி மட்டும் கேளுங்கள். வாழ்க்கைத்துணை என்ற முறையில் உங்களை அழைக்க அவர்களுக்குச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் நீங்கள் பொறுப்பில்லாத கடனுக்கு நீங்களே பொறுப்பு என்று சொல்ல இடமளிக்கவில்லை. இனித் தொடர்புகொள்ள வேண்டாம் என்று நீங்கள் எழுதி அனுப்பினால், அவர்கள் அழைப்பதை நிறுத்தியாக வேண்டும்.

இறப்புக்குப் பிறகு அந்த அட்டையை ஒருமுறைகூடப் பயன்படுத்தக் கூடாது, இறுதிச்சடங்குச் செலவுக்காகவும் கூடாது. அது மோசடியாகக் கருதப்படலாம். இறப்புச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட நகல்கள் பலவற்றைத் தொடக்கத்திலேயே வாங்கிவைத்துக்கொண்டு, அட்டை வழங்கிய வங்கிக்கும், எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவியுங்கள். எஸ்டேட்டை நிர்வகிப்பவர் நிலுவைத் தொகையைக் கேட்டால் வங்கி அதைக் காலந்தாழ்த்தாமல் தெரிவிக்க வேண்டும்; அதன்பின் தாமதக் கட்டணம் போன்றவற்றை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த அட்டையில் தானாகக் கழிந்துகொண்டிருந்த மின்கட்டணத்தையும் கைபேசிக் கட்டணத்தையும் மறவாமல் வேறு கணக்குக்கு மாற்றுங்கள்.

உங்களைப் பயனாளியாகக் குறிப்பிட்ட ஆயுள் காப்பீட்டுத் தொகை நேரடியாக உங்களுக்கு வருவது. அது பொதுவாக எஸ்டேட்டில் சேராது. எனவே அதை எடுத்து, உங்களுக்குப் பொறுப்பில்லாத கிரெடிட் கார்டு கடனை அடைக்க அவசரப்படாதீர்கள். மறுபுறம், எஸ்டேட்டை நிர்வகிப்பவர் நீங்களே என்றால், கடன்களைத் தீர்க்காமல் சொத்தைப் பிள்ளைகளுக்கோ உறவினருக்கோ பிரித்துக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் அந்தக் கடன் உங்கள் தலையில் விழலாம்.

இருவரும் நலமாக இருக்கும் இப்போதே வங்கியை அழைத்து, ஒவ்வொரு கணக்கிலும் நீங்கள் கூட்டுக் கணக்காளரா, ஆத்தரைஸ்டு யூசரா என்று கேட்டுக் குறித்துவையுங்கள். வங்கியை அழைக்கும்போது கணக்கு உரிமையாளரான உங்கள் துணையும் உடனிருப்பது நல்லது.