பை வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்

ஜூன் மாதம் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுக்குப் பை, நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திருப்தியாக வந்துவிட்டேன். ஆடியில் அந்தப் பக்கம் போனால், பை கவர்கூடப் பிரிக்காமல் ஆணியில் தொங்குகிறது, பையன் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறான். "டிசி இல்லாமச் சேக்க மாட்டோம்னுட்டாகண்ணே" என்றார் அவன் அம்மா. திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டு ஊர் திரும்பிய குடும்பம். நான் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார், கேட்கவில்லை.

அதனால் முதல் வேலை, கேட்பது. யார் பள்ளிக்கு வரவில்லை என்பது தலைமையாசிரியருக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் நன்றாகவே தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குப் போங்கள், கூட்டமாகப் போகாதீர்கள், போட்டோ வேண்டவே வேண்டாம். டிசிதான் சிக்கல் என்றால் கவலை இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை, டிசி வரவில்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று காரணம் சொல்லித் திருப்பி அனுப்பக்கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். சண்டைக்குப் போகாமல் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள், எங்களுக்கு இரண்டு நடையில் முடிந்தது. டீக்கடைக்காரரிடமும் முதலில் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். 14 வயதுக்குள் வேலைக்கு வைப்பது குற்றம் என்று தெரிந்தும் அசையவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் பணம். காரைக்குடியில் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்த செட்டிநாட்டு மண்தான் இது, ஆனால் அப்படி இன்னொருவர் வரட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும். கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரி போட்டுப் பழகிய ஊருக்கு இது புதிதா என்ன? வீட்டுக்கு மாதம் 100 ரூபாய், 30 வீடு சேர்ந்தால் 3000. கணக்கு நோட்டை இரண்டு பேர் பார்க்கட்டும். அந்தப் பணத்தில் பை வாங்காதீர்கள்! அரசுப் பள்ளியில் புத்தகம், நோட்டு, சீருடை, பை, பஸ் பாஸ் எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறது. அரசு கொடுக்காததற்குச் செலவு செய்யுங்கள்: சாயங்காலம் பாடம் சொல்லித்தர பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்குச் சின்னச் சம்பளம், ஜெராக்ஸ், இ-சேவை மையச் செலவு, போர்டு தெரியாமல் கண்ணைச் சுருக்கும் பிள்ளைக்குக் கண்ணாடி. கண்ணாடி போட்ட பிறகு 'மக்கு' என்ற பெயர் போன பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் தேர்வை விட்டுவிடாதீர்கள், தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய் வரும். வருமானச் சான்றிதழும், பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும், கடைசி நேரத்தில் வி.ஏ.ஓ. லீவில் இருப்பார்.

கைத்தொழில் விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. ஆத்தங்குடிக்குக் கூட்டிப் போய், தரைக்கு ஒட்டும் பூக்கல் செய்யக் கண்ணாடி மேல் வார்ப்புச் சட்டம் வைத்துக் கலரை ஊற்றுவதைக் காட்டலாம். பனையோலைக் கூடையான கொட்டான் முடையும் ஆச்சியிடம் லீவு நாளில் உட்கார வைக்கலாம், முதல் நாள் ஓலை விரலைக் கிழிக்கும், மூன்றாம் நாள் எழுந்து வரமாட்டார்கள். ஆனால் கூலிக்கு விட்டுவிடாதீர்கள், கையில் காசு புழங்கிய பையனைத் திரும்ப பெஞ்சில் உட்கார வைப்பது பெரும்பாடு. படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டால் அரசு ஐடிஐ இருக்கிறது, எட்டாம் வகுப்பு முடித்தாலே வயர்மேன், வெல்டர் சேரலாம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பழுதுபார்க்க ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள், வயரிங் தெரிந்தவனுக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. மார்க் ஷீட், டிசி, ஜாதிச் சான்றிதழ் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு உங்கள் வீட்டிலும் ஒரு ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டு வீட்டில் ஐப்பசி மழைக்கு எது நனையும் என்று சொல்ல முடியாது.