குளிர்காலத்தில் கட்டடங்களைக் காப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோ, மார்க்கம், மிசிசாகா என்று கட்டடப் பராமரிப்பு வேலைக்கு ஒவ்வொரு வருடமும் புதிய தம்பிமாரும் தங்கைமாரும் வருகிறார்கள். படித்தவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் முதல் கடுங்குளிர் வந்ததும், நாங்கள் இந்த வேலைக்கு வந்த புதிதில் விட்ட அதே பிழைகளை அவர்களும் விடுகிறார்கள். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வெளிக்குழாயை மூடு, பைப்புக்கு உறை போடு, லோடிங் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகாதே என்பதெல்லாம் இங்கே வராது. அவை எல்லோருக்கும் தெரியும். விஷயம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

காற்றுக்குளிரின் எண்ணைப் பார்த்துப் பயப்படுவது

வானிலைச் செய்தியில் 'உணரும் குளிர் மைனஸ் 30' என்று சொன்னால் அது உங்கள் முகத்துக்கு. பைப்புக்கு அல்ல. காற்றின் உண்மையான வெப்பநிலை மைனஸ் 18 என்றால், பைப் மைனஸ் 18-க்குக் கீழே போகாது. அங்கே சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான். நீங்கள் பார்க்க வேண்டியது உண்மை வெப்பநிலையையும், சுவரில் எந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே வருகிறது என்பதையும்.

தெர்மோஸ்டாட்டில் 15 காட்டுகிறது என்று நிம்மதியாகப் போய்விடுவது

தெர்மோஸ்டாட் இருப்பது கட்டடத்தின் நடுச் சுவரில், நெஞ்சுயரத்தில். பைப் ஓடுவது சீலிங்குக்கு மேலே, வெளிச்சுவரை ஒட்டி. இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். தண்ணீர் நிரம்பிய ஸ்பிரிங்க்ளர் பைப் உள்ள இடம் எப்போதும் 4 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று தீத்தடுப்பு விதியான என்.எஃப்.பி.ஏ 13 சொல்கிறது. அந்த 4 டிகிரி பைப் இருக்கும் இடத்தில் வேண்டும். வார இறுதியில் செலவு மிச்சம் என்று சூட்டைக் குறைப்பவர்கள் ஒருமுறை சீலிங் பலகையைத் தூக்கி, மேலே ஒரு சென்சரை வைத்துப் பார்த்துவிட்டுக் குறையுங்கள்.

இன்னொன்று. பைப் உறைந்த இடத்தில்தான் வெடிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9% பெருக்கிறது. பைப்புக்குள் பனிக்கட்டி வளர வளர, மீதித் தண்ணீரை மூடியிருக்கும் வால்வை நோக்கித் தள்ளுகிறது. அந்தப் பக்கம் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, எந்த இடம் பலவீனமோ அங்கே வெடிக்கிறது. உறைந்தது வெளிச்சுவரில், வெடித்தது இருபது அடி தள்ளிச் சூடான அறைக்குள் என்பது அடிக்கடி நடக்கும். அதனால் வெடித்த இடத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போனால் வேலை முடியவில்லை. எங்கே உறைந்தது என்று தேடிப் பிடிக்க வேண்டும்.

ஃப்ரீஸ்ஸ்டாட்டைத் தாண்டி வயர் போடுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவைப்பது இந்த ஒரு வேலைதான்.

கட்டடத்துக்குக் காற்று அனுப்பும் பெரிய யூனிட்டில், வெளிக்காற்றும் உள்ளிருந்து திரும்பும் காற்றும் கலந்து, சுடுதண்ணீர் ஓடும் கொயில் வழியாகப் போகும். கொயிலுக்கு அருகே மெல்லிய செம்புக் கம்பி போல ஒன்று வளைந்து வளைந்து ஓடும். உண்மையில் அது குழாய், பொதுவாக 20 அடி நீளம். கொயில் உறையாமல் காக்கும் ஃப்ரீஸ்ஸ்டாட் என்ற பாதுகாப்புக் கருவியின் உணர்குழாய் அது. அதில் ஏதாவது ஒரு அடி நீளம் மட்டும் 3 டிகிரிக்கு இறங்கினாலும் போதும், ஃப்ரீஸ்ஸ்டாட் விழும், அதாவது பிரேக்கர் போல இணைப்பைத் துண்டிக்கும். ஃபான் நிற்கும், வெளிக்காற்றை உள்ளே விடும் தகட்டுக் கதவான டம்பர் மூடும், சுடுதண்ணீர் வால்வு முழுதாகத் திறக்கும். பல இடங்களில் அது தானாகத் திரும்ப வராது. ஆள் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு மனிதன் நேரில் வந்து ஏன் என்று பார்க்கட்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

நடப்பது என்ன? ஜனவரிக் காலை. ஃப்ரீஸ்ஸ்டாட் விழுந்து ஃபான் நிற்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள் குளிர்கிறது என்று போன் மேல் போன். புதிதாக வந்தவர் பொத்தானை அழுத்துகிறார். அரை மணியில் திரும்ப விழுகிறது. மறுபடி அழுத்துகிறார். மூன்றாம் தடவை, 'இந்தச் சாமான் பழுது' என்று முடிவுகட்டி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார். ஃபான் ஓடுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். அவரும் போய்விடுகிறார்.

அப்படி ஒரு அலுவலகக் கட்டடத்துக்கு ஞாயிறு காலை என்னைக் கூப்பிட்டார்கள். யூனிட் இருந்தது மேல்மாடியில். கொயிலின் வளைவுகள் வரிசையாகப் பிளந்து, தண்ணீர் லிஃப்ட் குழி வரை இறங்கியிருந்தது. கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தால் சிவப்பு வயர் ஒன்று. 'ஆர் இதைப் போட்டது?' என்று கேட்டேன். பதில் இல்லை. கொயிலின் பம்ப் சனிக்கிழமை இரவே நின்றுபோயிருந்தது. டம்பரின் இணைப்புக் கம்பி கழன்று பாதி திறந்தபடி கிடந்தது. ஃப்ரீஸ்ஸ்டாட் வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த டம்பரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. புதுக் கொயில் செய்து வரப் பல வாரம் ஆனது. அதுவரை அந்த மாடிகளில் தற்காலிக ஹீட்டர்கள். காப்புறுதிக்காரர் வந்ததும் முதலில் படம் எடுத்தது அந்த வயரைத்தான்.

'காற்று சூடாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் விழுகிறது?' என்று கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். வெளியே மைனஸ் 20, உள்ளிருந்து திரும்பும் காற்று 21. ஐந்தில் ஒரு பங்கு வெளிக்காற்று என்றால் கலவை ஏறக்குறைய 13 டிகிரி. காகிதத்தில் எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் பெட்டிக்குள் இரண்டும் ஒழுங்காகக் கலப்பதில்லை. கனமான குளிர்காற்று ஒரு பக்கமாகத் தட்டையாக ஓடி, கொயிலின் கீழ்மூலையில் மட்டும் மோதுகிறது. சராசரி 13, அந்த மூலை மைனஸ் 8. அங்கேதான் பிளக்கும். சராசரியைப் பார்க்கும் சென்சருக்கு இது தெரியாது, ஃப்ரீஸ்ஸ்டாட்டுக்குத் தெரியும்.

விழுந்தால் என்ன செய்வது? முதலில் டம்பரைக் கண்ணால் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் '10%' என்று இருப்பது பல இடங்களில் நாம் கொடுத்த கட்டளை மட்டுமே. டம்பர் உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை அது காட்டாது. அப்புறம் கொயிலுக்குப் போகும் பைப்பிலும் திரும்பி வரும் பைப்பிலும் வெப்பநிலையை அளந்து, பம்ப் சுற்றுகிறதா என்று பாருங்கள். பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தாலும் வால்வு லேசாகத் திறந்து தண்ணீர் ஊர்ந்துபோனால், கொயிலின் கடைசிக் குழாய்களுக்கு வருவதற்குள் சூடு தீர்ந்துவிடும். பிறகு கொயிலுக்கு முன்னால் மேல், நடு, கீழ் என்று பல இடங்களில் வெப்பநிலையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மூலை மட்டும் குளிர் என்றால், காற்றைக் கலக்க வைக்கும் தகடுகள் போட வேண்டிய கட்டடம் அது.

அவசரமாகச் சூடு கொடுத்தே ஆக வேண்டுமா? சரி. வெளிக்காற்று டம்பரை முழுதாக மூடி, அசையாமல் கட்டிவிட்டு, உள்காற்றை மட்டும் சுற்றவிடுங்கள். கட்டட மேலாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள். ஃப்ரீஸ்ஸ்டாட் சர்க்யூட்டிலேயே இருக்கட்டும். அது உண்மையிலேயே பழுதானால் மாற்றுங்கள், விலை பெரிதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு மோசம். ஃபான் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவை 'ஆட்டோ'வில் வைத்தால் ஃப்ரீஸ்ஸ்டாட் நிறுத்தும், 'ஹேண்ட்'டில் வைத்தால் நிறுத்தாது என்று வயரிங் செய்த கட்டடங்கள் இருக்கின்றன. அங்கே சுவிட்சைத் திருப்பினாலே சிவப்பு வயர் போட்டதற்குச் சமம். ஒக்டோபரில் ஃப்ரீஸ்ஸ்டாட் குழாயின் ஒரு பகுதியைப் பனித்தண்ணீரில் வைத்து விழவைத்துப் பாருங்கள். இரண்டு நிலையிலும் ஃபான் நிற்க வேண்டும்.

தண்ணீரை இறக்கியாயிற்று, கொயில் காலி என்று நம்புவது

கோடையில் குளிர்நீர் ஓடும் கொயிலைக் குளிர்காலத்துக்கு முன் காலி செய்வார்கள். கீழ் வால்வைத் திறந்தால் தண்ணீர் வரும், பிறகு நிற்கும். நின்றதும் மூடிவிட்டுப் போகிறார்கள். கிடையாக ஓடும் குழாய்கள் சற்றே தொய்ந்திருந்தால் போதும், உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கும். காற்றை ஊதித் தள்ளுங்கள், அப்புறம் தண்ணீரை எளிதில் உறையவிடாத புரொப்பிலீன் கிளைக்கோல் கலவையை ஓட்டி எடுங்கள். மீதி இருப்பது அந்தக் கலவையாகவே இருக்கட்டும். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 30-ஐத் தாண்டித்தான் உறையும். 30% கலந்தால் மைனஸ் 13 அளவிலேயே உறையத் தொடங்கும். கலவையின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல், போன வருடம் ஊற்றியது போதும் என்று இருக்காதீர்கள். இடையில் யாராவது கசிவை ஈடுகட்ட வெறும் தண்ணீர் சேர்த்திருப்பார்கள்.

காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ்

கட்டடத்தில் ஊற்றாதீர்கள்.

காற்று நிரப்பிய ஸ்பிரிங்க்ளரை மறந்துவிடுவது

லோடிங் பகுதி, குளிர்க் கிடங்கு போன்ற இடங்களில் பைப்புக்குள் தண்ணீருக்குப் பதில் காற்று இருக்கும். உறைய ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சோதனை செய்தபோது மிஞ்சிய தண்ணீரும், காற்றிலிருந்து கசியும் ஈரமும் தாழ்ந்த முனைகளில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதற்காகத்தான் அங்கே இரண்டு வால்வும் இடையில் ஒரு சிறு பாத்திரமும் வைத்திருக்கிறார்கள். மேல் வால்வை மூடி, கீழ் வால்வைத் திறந்து வடிய விடுங்கள். கீழே மூடிவிட்டு மேலே திறந்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் செய்யுங்கள். தண்ணீர் வராமல் காற்று மட்டும் வரும்வரை. இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் காற்றழுத்தம் விழுந்து, பிரதான வால்வு திறந்து, உறைகுளிரில் உள்ள அத்தனை பைப்பும் தண்ணீரால் நிரம்பும். எந்தெந்த இடத்தில் இந்தப் பாத்திரங்கள் உள்ளன என்று ஒரு வரைபடம் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். குளிர் தொடங்கும் முன் ஒருமுறை வடித்தால் போதாது, குளிர்காலம் முழுக்கத் தேவைக்கேற்ப வடிக்க வேண்டும்.

சூடாக்கும் கேபிளைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காதது

பைப்போடு ஓடும் மின்சூட்டுக் கேபிள் ஓடுகிறதா என்று வெளியே தெரியாது, மேலே உறை மூடியிருக்கிறது. இலையுதிர்காலத்திலேயே பிரேக்கர் விழுந்திருக்கும். கேபிள் ஈரமானதால் விழுந்த பிரேக்கரைத் திரும்பத் தூக்கிவிட்டுப் போவதும் மேலே சொன்ன சிவப்பு வயரின் தம்பிதான். செப்டம்பரில் கேபிளின் மின்காப்புத் தடையை அளந்து பாருங்கள்.

பெரிய பைப்பை மட்டும் கவனிப்பது

2021 பிப்ரவரி 15 அன்று டெக்சாஸில் சவுத் டெக்சாஸ் அணுமின் நிலையத்தின் முதலாவது அலகு நின்றுபோனது. அணு உலையில் கோளாறு இல்லை. தண்ணீர் ஊட்டும் பம்புகளின் அழுத்தத்தை அளக்கும் சிறு குழாய்கள் உறைந்து, பம்புகள் நின்று, உலையும் நின்றது. அந்தக் குளிரில் 1,045 மின் உற்பத்தி அலகுகளில் தடங்கல் வந்தது. தடங்கல்களில் 44% உறைதலால் வந்தவை என்று அமெரிக்கக் கூட்டாட்சி எரிசக்தி ஆணையமும் மின்வலையமைப்பு நம்பகத்தன்மைக் கழகமும் சேர்ந்து எழுதிய அறிக்கை சொல்கிறது. 2011-இலும் அங்கே இதேபோல் நடந்து, குளிருக்கு எப்படித் தயாராவது என்று அப்போதே பரிந்துரைகள் வந்திருந்தன. தண்ணீர் ஓடும் பெரிய பைப்பை விட, தண்ணீர் அசையாமல் நிற்கும் விரல் பருமன் குழாய்தான் முதலில் உறையும்.

தொழிற்சாலைகளில் இதே கதை அழுத்தக்காற்று லைனில் நடக்கும். குளிரூட்டும் வகை டிரையர் ஈரத்தை 3 டிகிரிப் பனிநிலை (காற்றின் ஈரம் தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை) அளவுக்குத்தான் எடுக்கும். அந்தக் காற்றை வெளியே ஓடும் லைனில் விட்டால், உள்ளே மிஞ்சிய ஈரம் உறைந்து வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். வெளியே ஓடும் லைனுக்கு மைனஸ் 40 வரை உலர்த்தும் ஈர உறிஞ்சி வகை வேண்டும்.

தீப்பந்தத்தால் உருக்குவது

வேண்டவே வேண்டாம். கட்டடமே எரிந்துபோகும்.

வெயில் வந்ததும் விட்டுவிடுவது

பிளந்த பைப்பை அதில் உறைந்திருக்கும் பனியே அடைத்துக்கொண்டிருக்கும். கசிவு தெரிவது உருகும்போதுதான். வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறும் முதல் நாள், வேலைநாளோ இல்லையோ, பூட்டிக் கிடக்கும் அறைகளையும் திறந்து ஒரு சுற்று வாருங்கள். தண்ணீரை நிறுத்தும் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அது கையால் சுற்றுகிறதா என்று முன்பே பார்த்துவைத்திருங்கள்.